வீரலட்சுமி சித்தி நுண்ணோக்கியில் பார்த்தது

எங்கள் தெருவில் வந்து வீரலட்சுமி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ரெண்டு குளிப்புக்காரி என்று கேட்டால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பெரும்பாலான பெண்களுக்குப் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. சாயங்காலம் வேன் வந்து நின்றால், கையிலும் காலிலும் வெள்ளி பூசியதுபோல் மினுமினுக்க இறங்குவார்கள். அலுமினியப் பவுடர். வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிவிட்டு உலை வைப்பார்கள். என் சித்தி மட்டும் கம்பெனித் தொட்டியிலேயே ஒரு முறை குளித்து, கொண்டுபோன மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் வேன் ஏறுவாள். வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறம் போய்ச் சீயக்காய் தேய்த்து இன்னொரு குளியல். அது முடியும்வரை மகள் சினேகா பக்கத்தில் வரக் கூடாது.

"தள்ளி நில்லுட்டி" என்று சொல்லிக்கொண்டேதான் வாசலில் நுழைவாள்.

தெருக்குழாயில் சித்தி தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். "கலெக்டரு அம்மா வந்துட்டாக. வழி விடுங்க, குளிக்கணுமாம்."

"வழி மட்டும் பத்தாது மதினி, உங்க குடத்தையும் குடுங்க. எம் மக கலெக்டரானதும் உங்க வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டுத் தாரேன்னுருக்கா."

சித்தி பிறந்தது ஆலங்குளம் பக்கம். அவள் அப்பா சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனவர். எட்டாம் வகுப்போடு சித்தி தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறினாள். பிறகு லாரிக்கு லோடு ஏற்றும் முனியராஜைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். அவர் என் அப்பாவின் தம்பி. தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு மாறியதும் மருந்து செலுத்துகிற அறையில் வேலை. இங்கே மருந்து என்றால் வெடிமருந்துதான். சினேகா பிறந்தபோது சித்தி ஒரே ஒரு முடிவு எடுத்தாள்: இவள் கை மருந்தைத் தொடக் கூடாது.

அதைச் சொல்வது எளிது. லீவு நாளில் எங்கள் தெருவில் பிள்ளைகள் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுவது, மற்ற ஊர்களில் பிள்ளைகள் பந்து விளையாடுவது போல. சித்தி அதற்குக்கூட விடவில்லை.

"வெறுங் காயிதம்தானடி, அதுல என்ன மருந்து இருக்கு?" என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "இன்னைக்குக் குழாய் சுத்துவா. நாளைக்குக் கை பளகிருச்சு, மருந்தும் செலுத்தட்டுமேம்பீக."

வடக்கிலும் மலை நாடுகளிலும் பல வருடங்கள் சுற்றிவிட்டு ஓர் ஆடி மாதத்தில் நான் ஊருக்குத் திரும்பியபோது, என் பயணத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத ஒரே ஆள் சினேகா. ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இருந்ததைவிடப் பெரிய செய்தி அவளிடம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக நுண்ணோக்கிகள் வந்திருந்தன.

"பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிருவாகன்னு நெனச்சோம்க்கா. அருணாதேவி டீச்சர் எங்க கையிலயே குடுத்துட்டாக."

அடுப்படியில் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்து எனக்குப் பாடம் நடத்தினாள். "எடுத்த எடுப்புல பெரிய லென்சப் போடக் கூடாது. சின்னதுல கண்டுபிடிச்சுக்கிட்டு அப்புறந்தான் பெருசு. பெரிய திருகைத் திருப்புறப்போ உள்ள பாக்கவே கூடாது, பக்கவாட்டுல இருந்து பாத்துக்கிட்டே திருப்பணும். லென்சு போயிக் கண்ணாடியில முட்டக் கூடாது. முட்டுச்சுன்னா டீச்சர் நம்மள முட்டுவாக."

"ஒத்தக் கண்ண மூடிக்கிட்டா பாப்பீங்க?"

"அதான் தப்பு. ரெண்டையும் தெறந்தே வச்சுருக்கணும். மூடுனா கண்ணு வலிக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மொத நாளு நான் பாத்தது எங் கண்ணு எமையத்தான்க்கா. செல்லுன்னு நெனச்சு நோட்டுல வரஞ்சும் வச்சுட்டேன்" என்றாள்.

வெங்காயத் தோலைப் பார்த்ததைச் சொன்னாள். செங்கல் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி வரிசையாக இருந்ததாம். சித்தி புளி கரைத்துக்கொண்டே, "வெங்காயம் உரிச்சுத் தாட்டின்னா கண்ணு எரியுதும்பா. இப்ப அதுக்குள்ள செவரு இருக்காம்ல" என்றாள். ஆனால் மறுநாள் வேனில் பக்கத்து சீட்டுக்காரி முதல் டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்திருந்தது.

வகுப்பில் மற்றவர்களுக்குக் கலங்கலாகத் தெரிந்தால் சினேகாவைக் கூப்பிடுவார்களாம். சின்னத் திருகை ஒரு இழை திருப்பித் தெளிவாக்கிக் கொடுப்பாளாம். ஆளில்லாத நேரத்தில் டீச்சர் அவளைத் தனியாக உட்கார்ந்து பார்க்க விட்டார். எறும்புக் கால், நெற்றி வேர்வை, துளசி இலை என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

பிறகு ஒரு வாரம் அவளிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. நான் கேட்டாலும், "ஒண்ணுமில்லக்கா, பாடம் மாறிருச்சு" என்றாள். அந்த வாரம் டீச்சர் ஆள் விட்டார், சினேகாவின் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று.

தீபாவளி சீசன். லீவு கேட்டால் முகத்தில் அடித்தாற்போலப் பேசுவார்கள். சித்தி கேட்டு வாங்கினாள். "நீயும் வா புள்ள" என்றாள் என்னிடம். "பரிசு எதுவும் குடுத்து இங்கிலீசுல பேசுனாகன்னா எனக்கு என்ன தெரியும்?" பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஆய்வகம் என்பது பழைய வகுப்பறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் நுண்ணோக்கிகள். அருணாதேவி டீச்சர் காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். எங்களை உட்காரச் சொன்னார். சினேகா மேசைக்கு அந்தப் பக்கம் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"சாயங்காலம் வீட்ல இவ என்ன பண்ணுவா?" என்று கேட்டார் டீச்சர்.

"படிப்பா. டிவி பாப்பா. அவுக அப்பாட்ட சண்ட போடுவா."

"வேலை எதுவும்?"

சித்தி சிரித்தாள். "ஒரு தட்டுக் களுவ மாட்டா டீச்சர். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"அந்த வேலையை நான் கேக்கலம்மா. மருந்து வேலை."

சித்தியின் சிரிப்பு நின்றது. "எவ சொன்னா?"

"யாரும் சொல்லல. அவ வாய்க்குள்ள இருக்கு."

டீச்சர் விளக்கினார். பிள்ளைகள் பல்குச்சியால் தங்கள் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டுப் பார்த்தார்கள். சினேகாவின் தகட்டில் செல்களுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள். தூசி என்று நினைத்து வேறு தகட்டைக் கழுவிக் கொடுத்தார். அதிலும் இருந்தது. வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்கும் அப்படி இருந்தது. விசாரித்தால் அவர்கள் வீட்டில் திருட்டுத்தனமாகச் சரவெடி கட்டுகிறார்கள்.

"அவங்க வீட்லயும் முதல்ல இல்லேன்னுதான் சொன்னாங்க. நான் யார்ட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்மா. ஆனா இத்தோட நிறுத்திருங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு."

சித்தி எழுந்து நின்றுவிட்டாள். "டீச்சர், நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க, நான் கேட்டுக்கிடுதேன். இத மட்டும் சொல்லாதீக. எம் மக மருந்தத் தொட்டதில்ல. ஒரு குழாய் சுத்துனதில்ல. ஊருக்குள்ள யார வேணாலும் கேளுங்க, இதுக்காக என்னைய எம்புட்டுக் கேலி பேசுறாகன்னு."

"நீங்களே பாருங்க."

"பாக்குறேன். காட்டச் சொல்லுங்க."

டீச்சர் சொன்னதும் சினேகா பல்குச்சியை எடுத்துத் தன் கன்னத்தைச் சுரண்டினாள். சாயம் விட்டு, மெல்லிய கண்ணாடியை ஒரு ஓரமாகச் சாய்த்துக் குமிழி விழாமல் மூடினாள். அவள் கை பழகியிருந்த விதத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"உக்காரும்மா. கண்ண ரொம்ப ஒட்டாத. ரெண்டு கண்ணையும் தெறந்து வச்சுக்க."

சித்தி முக்காலியில் உட்கார்ந்து குனிந்தாள். "கறுப்பா வேப்பங்கொளுந்து கணக்கா இருக்கு."

"அது உன் எமைம்மா. கொஞ்சம் தள்ளிப் பாரு."

அந்த நேரத்திலும் சித்தி லேசாகச் சிரித்தாள். சினேகா அவள் விரலை எடுத்துச் சின்னத் திருகின்மேல் வைத்தாள். "மெல்லத் திருப்பு. மெல்ல. இப்ப?"

"ஊதாவா... தோசை பிஞ்சு கெடக்க மாதிரி இருக்கு. நடுவுல ஒரு பொட்டு."

"அதான் செல்லு. பொட்டு இருக்குல்ல, அது உட்கரு."

"இதெல்லாமா நீ?" என்றாள் சித்தி, கண்ணை எடுக்காமலே. ஒரு கணம் அவள் எதற்கு வந்தாள் என்பதையே மறந்துவிட்டாள். பிறகு, "இடையில கறுப்பாப் பொடிசு பொடிசாக் கெடக்கே" என்றாள்.

டீச்சர் அடியில் எரிந்த விளக்கை அணைத்தார். தன் போனின் வெளிச்சத்தை மேலிருந்து சாய்வாகத் தகட்டின்மேல் அடித்தார். வெளிச்சம் அடியிலிருந்து வந்தால் எதுவும் கறுப்பாகத்தான் தெரியும், மேலிருந்து அடித்தால்தான் தூசியா உலோகமா என்று தெரியும் என்றார்.

கறுப்பாகக் கிடந்ததெல்லாம் வெள்ளியாக மினுங்கியது. சித்தி குனிந்தபடியே இருந்தாள். வாழ்நாளெல்லாம் கையிலிருந்து தேய்த்துக் கழுவிய மினுமினுப்பு அவளுக்குத் தெரியாதா?

எழுந்து திரும்பியவள் சினேகாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எவ வீட்டுக்குப் போனட்டி? நான் கம்பெனிக்குப் போனதும் எவ வீட்டுல போயி உக்காருத?"

"நான் எங்கயும் போகலம்மா."

"அப்ப இது என்ன? உள்ள என்ன கெடக்கு?"

சித்தி அவளை அடித்துவிட்டாள். டீச்சர் ஓடிவந்து நடுவில் நின்றார். சினேகா அழவில்லை. பிறகு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, மடித்த காகிதத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதற்குள் மஞ்சள் நூல் இழை ஒன்று இருந்தது. அதை ஒரு தகட்டில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினாள்.

"கயிறும்மா" என்றாள். "உன் கயிறு."

பட்டாசு அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. ஊக்கு, வளையல், கொலுசு எல்லாம் வெளியே. தங்கத் தாலியும் உரசினால் ஆபத்து என்று சித்தி அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, திரித்த மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துப் போட்டிருந்தாள். ஆடிப்பெருக்குக்கு ஒரு முறை மாற்றுவாள். மற்ற நாளெல்லாம் அது கழுத்தைவிட்டு இறங்கக் கூடாது. குளிக்கும்போது அதன்மேல் மஞ்சள் அரைத்துப் பூசுவாள். கயிற்றின் முறுக்குக்குள் ஏறிய பவுடரின்மேல் தினமும் மஞ்சள் பூச்சு.

சினேகா கைக்குழந்தையாக இருந்தபோதிருந்தே அந்தக் கயிற்றை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். ஒன்பதாம் வகுப்பு வந்தும் விடவில்லை. சித்தப்பா கேலி செய்வார். சித்தி திட்டுவாள், ஆனால் கயிற்றை இழுத்துக்கொள்ள மாட்டாள். ரெண்டு குளியல் குளித்த உடம்பு என்ற தைரியம். அம்மா பள்ளிக்கூடம் வருவதற்கு முந்தின நாளே சினேகா ஓர் இழையைப் பிய்த்து வந்து பார்த்துவிட்டிருக்கிறாள். அம்மாவிடம் சொல்வதைவிடத் திருட்டுத்தனமாக மருந்து வேலைக்குப் போனவள் என்று பெயர் வாங்குவது மேல் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஓர் அடிதான் அவளைச் சொல்ல வைத்தது.

சித்தி குனிந்து அந்த இழையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கை கழுத்துக்குப் போகவில்லை. மடியில் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் தப்பா நெனச்சுட்டேன்மா" என்றார் டீச்சர்.

"நீங்க தப்பா நெனக்கல டீச்சர். அவளுக்கு மருந்து குடுத்தது எவன்னு தேடுனீக. நாந்தான் அது."

வீடு திரும்பும் வழியில் சினேகா அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். சித்தி பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

மறுநாள் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். வேனில் ஏறியதுமே ஒருத்தி கேட்டாளாம், "முனியராஜு நல்லாத்தான இருக்காரு?" சித்தப்பா சாது. மனைவியை ஒரு சொல் சொல்லாதவர். அவரே சில நாள் பொறுத்துவிட்டுச் சொன்னார், "எனக்கு ஒண்ணுமில்ல லட்சுமி. ஆனா லோடு ஏத்துறப்போ நான் கால் தவறி விழுந்தேன்னு வையி, இந்த ஊரு உன்னைய உசிரோட விடாது." சித்தி மறுபடி கட்டிக்கொண்டாள். தினமும் புதுக் கயிறு. பழையதை அடுப்பில் போடவும் பயம், பவுடர் இருக்கிறதே. வேலியோரம் புதைத்தாள்.

டீச்சர் அவ்வப்போது சினேகாவைத் தன் கன்னத்துத் தகட்டைப் பார்க்க விட்டார். முன்பைவிடக் குறைவு, ஆனால் இருந்தது. தலைமுடியில் இருக்கலாம், காது மடிப்பில் இருக்கலாம், மூச்சோடுகூட வரலாம் என்றார். எதைக் கழற்றி ஆணியில் மாட்டுவது?

"இருக்கா?" என்று சித்தி தினமும் கேட்பாள்.

ஒரு நாள் சினேகா, "இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல" என்றாள். சித்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "எம் மக என்ட்ட பொய் சொல்லுதா புள்ள. பக்கத்துல படுக்குறதுக்காகப் பொய் சொல்லுதா. இனிமே அவ உங்க வீட்டுல படுக்கட்டும்."

வேலையை விட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன். உலகம் சுற்றிவந்த எனக்கு அது சுலபமான கேள்வி. "விட்டுட்டு?" என்று கேட்டாள் சித்தி. கோபமில்லை. நான் பதில் சொல்வேன் என்று உண்மையாகவே காத்திருந்தாள். விதைக்கிற காடு மழை பார்த்துக் கிடக்கிறது. சித்தப்பா ஏற்றுகிற லோடும் பட்டாசுதான்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நாட்களில் அவர்கள் வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது. சித்தி திரும்பத் திரும்பத் தலைக்கு ஊற்றிக் குளித்து, புதுக் கயிறு கட்டி, வீட்டைக் கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டுக்கொண்டாள். காலையில் நான் போனால் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் கிடப்பார்கள். சித்தப்பா காப்பி போட்டுக்கொண்டிருப்பார். "ரெண்டும் எந்திரிக்க மாட்டேங்குது. நீயாவது குடி."

கம்பெனி திறந்த அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. வேன் சத்தம் கேட்டதும் சினேகா தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பத்தாம் வகுப்புக்கு விருதுநகரில் ஒரு பள்ளி, அதோடு விடுதி. டீச்சர்தான் அலைந்து இடம் வாங்கினார். சினேகா போகமாட்டேன் என்று அழுதாள். "நான் அந்த மைக்ராஸ்கோப்பத் தொட்டே இருக்கக் கூடாதுக்கா" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளை பஸ் ஏற்றும்போது சித்தி பெட்டியைக் கொடுத்தாள், முறுக்கு டப்பாவைக் கொடுத்தாள், ஜன்னல் பக்கமாகப் போய் நின்றாள். கையை மட்டும் கொடுக்கவில்லை.

பெற்றோரைப் பார்க்க விடுகிற ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். விடுதி வேப்பமரத்தடியில் அம்மாக்களும் பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சினேகா ஓடிவந்தாள். சித்தி கையை முன்னால் நீட்டித் தடுத்தாள். "அங்கனயே நில்லு. பஸ்ல கம்பெனி ஆளுகளோட வந்துருக்கேன்."

சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி என்றெல்லாம் கேட்ட பிறகு சித்தி அதைக் கேட்டாள். "இங்கன மிஷின் இருக்கா? பாத்தியா?"

"பாத்தேன்." சினேகா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "இன்னும் இருக்கும்மா. அப்படியேதான் இருக்கு. நான் இங்கன இருந்து என்ன பிரயோசனம்? வீட்டுக்கே வந்துருதேன்."

சித்தி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "அப்ப உள்ள எறங்கிருச்சு" என்றாள். "போகாது. இனி போகாது." நெஞ்சில் அடித்துக்கொள்ளப்போன கையை, சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் போன போக்கைச் சினேகாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பொய்ம்மா. பொய் சொன்னேன். ஒண்ணுமே இல்ல. மேல வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கேன்ம்மா." சொல்லிக்கொண்டே அழுதாள்.

"எம் மேல சத்தியமா?"

"சத்தியமா."

சித்தி எழுந்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷம்போல நான் எங்கும் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சினேகா இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். சித்தி ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள்.

"அப்ப இங்கனயே இருந்துக்க" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். யாரைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள், மகளையா, நல்லா இருக்காளா என்று.

"நல்லா இருக்கா" என்றாள் சித்தி. "நான் இல்லாம நல்லா இருக்கா."